வேளாண் பட்டப்படிப்பு: குறைந்த செலவில் தரமான கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அங்கீகாரம், நான்கு ஆண்டுகளுக்கான முழுச் செலவு, வயல்வெளிப் பயிற்சி ஆகிய மூன்றையும் சரிபார்த்த பிறகே வேளாண் கல்லூரியைத் தேர்வு செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் எப்படிச் சரிபார்ப்பது என்பதை விளக்குகிறது இந்தச் செய்தித் தொகுப்பு.

புதுடெல்லி: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும், மருத்துவம், பொறியியலுக்கு அடுத்தபடியாக மாணவர்கள் அதிகம் விசாரிக்கும் படிப்புகளில் ஒன்றாக பி.எஸ்சி. வேளாண்மை மாறியுள்ளது. அரசு வேளாண் பல்கலைக்கழகங்களில் இடங்கள் குறைவு, விண்ணப்பிப்போர் அதிகம். இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, நாடு முழுவதும் தனியார் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் வேளாண் படிப்பைத் தொடங்கியுள்ளன. சான்றிதழில் பட்டத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும், அதற்குச் செலவாகும் தொகையும், அது திறக்கும் வாய்ப்புகளும் கல்லூரிக்குக் கல்லூரி பெரிதும் மாறுபடுகின்றன.

நிலத்தை அடகு வைத்தோ, கடன் வாங்கியோ பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. நான்கு ஆண்டுகள் படித்து முடித்த பிறகு, முதுநிலைப் படிப்புக்கோ அரசுப் பணிக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் தங்கள் பட்டம் தகுதி பெறவில்லை என்பதைச் சிலர் அறிகின்றனர். அந்த நிலையில் செலவழித்த பணத்தையும் காலத்தையும் மீட்க முடியாது. கல்லூரியில் சேரும் முன்பே சில ஆவணங்களைச் சரிபார்த்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

யார் அங்கீகரிக்கிறார்கள்?

இந்திய அரசியலமைப்பின்படி வேளாண்மையும் வேளாண் கல்வியும் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. எனவே பெரும்பாலான வேளாண் பல்கலைக்கழகங்கள் மாநிலச் சட்டங்களின் கீழ் நிறுவப்பட்டவை. 1960ஆம் ஆண்டு இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள பந்த்நகரில் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கப் பணி ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனம் மேற்கொள்ளும் அமெரிக்க நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களின் முறையைப் பின்பற்றி அது அமைக்கப்பட்டது. 1962இல் லூதியானாவில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும், 1971இல் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உருவாயின.

தேசிய அளவில் பாடத்திட்டத்தையும் தரத்தையும் வழிநடத்துவது ஐசிஏஆர் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். 1929இல் நிறுவப்பட்ட இந்த அமைப்பு, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கம். மருத்துவக் கல்விக்குத் தேசிய மருத்துவ ஆணையமும், கால்நடை மருத்துவத்துக்கு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலும் சட்ட அதிகாரத்துடன் செயல்படுகின்றன. வேளாண் கல்விக்கு அத்தகைய சட்டப்பூர்வ ஒழுங்குமுறை ஆணையம் தேசிய அளவில் இல்லை. ஐசிஏஆர் வழங்கும் தர அங்கீகாரம் இல்லாமலேயே ஒரு தனியார் பல்கலைக்கழகம் வேளாண் பட்டப்படிப்பை நடத்த முடிவதற்கு இதுவே காரணம்.

இங்குதான் குழப்பம் தொடங்குகிறது. 'எங்கள் பல்கலைக்கழகம் யுஜிசி அங்கீகாரம் பெற்றது' என்று கல்லூரி விளம்பரங்கள் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். பட்டம் வழங்கும் உரிமை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்பதே அதன் பொருள். வேளாண் படிப்புக்கு வேண்டிய பண்ணை, ஆய்வகம், பேராசிரியர்கள் ஆகியவை உரிய தரத்தில் உள்ளன என்பதற்கு அது சான்றாகாது. அதைச் சோதிப்பது ஐசிஏஆரின் கீழ் இயங்கும் தேசிய வேளாண் கல்வி அங்கீகார வாரியம்.

அங்கீகாரம் ஏன் முக்கியம்?

ஐசிஏஆர் அங்கீகாரம் காலவரையறைக்கு உட்பட்டது. பல்கலைக்கழகம், அதன் கீழுள்ள கல்லூரி, கல்லூரியில் நடத்தப்படும் படிப்பு எனத் தனித்தனியாக அது வழங்கப்படுகிறது. எனவே பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பதால் மட்டும் அதன் ஒவ்வொரு கல்லூரிக்கும் அது பொருந்தும் என்று கருதிவிட முடியாது. சேர விரும்பும் கல்லூரியின் பெயரும், படிப்பின் பெயரும், அங்கீகாரம் எந்த ஆண்டு வரை செல்லும் என்ற விவரமும் ஐசிஏஆர் இணையதளத்தில் உள்ள பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 'விண்ணப்பித்துள்ளோம், விரைவில் கிடைத்துவிடும்' என்ற பதிலை நம்பிக் கட்டணம் செலுத்துவது ஆபத்தானது.

அங்கீகாரத்தின் பயன் மூன்று இடங்களில் தெரியும். முதலாவது, முதுநிலைப் படிப்பு. ஐசிஏஆர் நடத்தும் அகில இந்திய முதுநிலைச் சேர்க்கையின் தகுதி விதிகள், தனியார் கல்லூரிகளில் படித்தவர்களிடம் ஐசிஏஆர் அங்கீகாரத்தை வலியுறுத்துகின்றன. பல மாநில வேளாண் பல்கலைக்கழகங்களும் தங்கள் முதுநிலைச் சேர்க்கையில் இதே நிபந்தனையை விதிக்கின்றன. இரண்டாவது, வேலைவாய்ப்பு. சில அரசுப் பணி அறிவிப்புகள் அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் பட்டத்தையே ஏற்கின்றன. மூன்றாவது, நிதி. ஐசிஏஆர் வழங்கும் மேம்பாட்டு நிதி அங்கீகாரத்துடன் இணைக்கப்பட்டுள்ளதால், அது இல்லாத நிறுவனங்களின் ஆய்வக வசதிகளும் பாதிக்கப்படலாம்.

படிப்பின் கால அளவையும் கவனிக்க வேண்டும். ஐசிஏஆர் பாடத்திட்டத்தின்படி பி.எஸ்சி. (ஹானர்ஸ்) வேளாண்மை என்பது எட்டு பருவங்கள் கொண்ட நான்கு ஆண்டுப் படிப்பு. சில பொதுப் பல்கலைக்கழகங்களின் கல்லூரிகள் மூன்று ஆண்டுகளில் பி.எஸ்சி. வேளாண்மைப் பட்டம் வழங்குகின்றன. ஓராண்டு செலவு மிச்சமாகிறது என்று எண்ணி இதில் சேருவோர், வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கான விதியை நினைவில் கொள்ள வேண்டும். பொதுத்துறை வங்கிகளுக்காக ஐபிபிஎஸ் நடத்தும் அந்தத் தேர்வுக்கு நான்கு ஆண்டுப் பட்டம் கட்டாயம்.

தொலைதூரக் கல்வி வழியாக வேளாண் பட்டம் என்ற விளம்பரங்களை அறவே ஒதுக்கிவிடலாம். திறந்தநிலை மற்றும் தொலைதூரக் கல்வியில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் பொறியியல், மருத்துவம், சட்டம் ஆகியவற்றுடன் வேளாண்மையையும் தோட்டக்கலையையும் பல்கலைக்கழக மானியக் குழு சேர்த்துள்ளது. ஆய்வகமும் வயலும் இல்லாமல் இப்படிப்பைக் கற்பிக்க இயலாது என்பதே இதன் அடிப்படை.

பட்டமா, பட்டயமா?

வேளாண் உற்பத்தியைக் கற்க நான்கு ஆண்டுப் பட்டம் மட்டுமே வழி அல்ல. பல மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்புகளை நடத்துகின்றன. ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா மாநிலங்களில் வேளாண் பாலிடெக்னிக்குகளில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களே சேரலாம். பட்டயம் முடித்தவர்கள் தனி நுழைவுத் தேர்வு எழுதி பி.எஸ்சி. படிப்பில் சேரவும் அங்கு வழி உண்டு. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு வேளாண் பட்டயம் படிக்கலாம்.

சொந்த நிலத்தில் பயிர் செய்வதோ, விதை, உரம், பூச்சிக்கொல்லி விற்பனைக் கடை நடத்துவதோ நோக்கமாக இருந்தால், பட்டயம் குறைந்த செலவில் விரைவாகப் பலன் தரும். பூச்சிக்கொல்லி விற்பனை உரிமம் பெறுவதற்கு வேளாண்மை அல்லது அதனுடன் தொடர்புடைய துறையில் கல்வித் தகுதி தேவை என்ற விதி நடைமுறையில் உள்ளதால், இத்தகைய படிப்புக்குக் கிராமப்புறங்களிலும் மதிப்பு கூடியுள்ளது. ஆராய்ச்சி, வங்கிப் பணி, வேளாண் அலுவலர் பணி ஆகியவை இலக்காக இருந்தால் பட்டப்படிப்பே தேவை.

தேசியக் கல்விக் கொள்கைக்கு ஏற்ப ஐசிஏஆரின் ஆறாவது புலமுதல்வர்கள் குழு உருவாக்கிய புதிய பாடத்திட்டம் 2024-25 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. உரிய பயிற்சியுடன் முதலாண்டு முடித்து வெளியேறுவோருக்குச் சான்றிதழும், இரண்டாம் ஆண்டு முடித்து வெளியேறுவோருக்குப் பட்டயமும் வழங்க இது இடமளிக்கிறது. பணமுடையால் படிப்பைப் பாதியில் நிறுத்த நேரிடும் மாணவர்களுக்கு இது ஓரளவு பாதுகாப்பு. கல்லூரி இந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறதா என்பது சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி.

சேர்க்கைக்கான மூன்று வழிகள்

முதல் வழி, மாநில வேளாண் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வு. சில மாநிலங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும், வேறு சில மாநிலங்கள் நுழைவுத் தேர்வையும் அடிப்படையாகக் கொள்கின்றன. விவசாயக் குடும்பப் பிள்ளைகளுக்கான சலுகைகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. கர்நாடகத்தில் விவசாயிகளின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் அதற்கான செய்முறைத் தேர்வும் உள்ளன. மகாராஷ்டிரத்தில் நில உரிமை ஆவணம் வைத்துள்ள குடும்பத்தினருக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் வழங்கப்படும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேளாண் படிப்புகளுக்கும் பொருந்தும். அதில் சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

இரண்டாவது வழி, ஐசிஏஆர் அகில இந்திய ஒதுக்கீடு. மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் 20 சதவீத இளநிலை இடங்கள் இதன் கீழ் நிரப்பப்படுகின்றன. டெல்லி பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், ஜான்சியில் உள்ள ராணி லட்சுமிபாய் மத்திய வேளாண் பல்கலைக்கழகம், பிகாரின் பூசாவில் உள்ள டாக்டர் ராஜேந்திர பிரசாத் மத்திய வேளாண் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இளநிலை இடங்கள் முழுவதுமே இந்த வழியில் நிரப்பப்படுகின்றன. 2023 முதல் இதற்கு க்யூட் எனப்படும் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண் பயன்படுத்தப்படுகிறது. அந்தத் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம்.

இந்த வழியைப் பல மாணவர்கள் தவறவிடுவதற்குக் காரணம், இரண்டு கட்டங்கள் இருப்பதை அறியாததே. க்யூட் தேர்வை எழுதினால் மட்டும் போதாது. முடிவு வெளியான பிறகு ஐசிஏஆர் கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிவு செய்து, கல்லூரிகளை விருப்ப வரிசையில் குறிப்பிட வேண்டும். மேலும், க்யூட் விண்ணப்பத்தில் ஐசிஏஆர் கேட்கும் பாடச் சேர்க்கையைத் தேர்ந்தெடுக்காதவர்கள், நல்ல மதிப்பெண் பெற்றாலும் தகுதி இழப்பர். இயற்பியல், வேதியியலுடன் உயிரியல், கணிதம் அல்லது வேளாண்மை என அந்தச் சேர்க்கைகள் படிப்பைப் பொறுத்து அமைகின்றன.

மூன்றாவது வழி, தனியார் நிறுவனங்களின் நேரடிச் சேர்க்கை. மாநில வேளாண் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்ட தனியார் கல்லூரிகளுக்கும், தனியார் பல்கலைக்கழகங்களின் சொந்த வேளாண் துறைகளுக்கும் இடையே வேறுபாடு உண்டு. முன்னதில் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகியவை மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. பின்னதில் அனைத்தும் அந்த நிறுவனத்தின் கையில் இருக்கும். இவ்வகையில் ஐசிஏஆர் அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது இன்னும் அவசியமாகிறது.

கட்டணம் அல்ல, முழுச் செலவு

அரசு வேளாண் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். தனியார் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணம் ஒரு லட்சம் ரூபாயைக் கடப்பது வழக்கம். ஆனால் கல்லூரிகளை ஒப்பிடும்போது பயிற்சிக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது போதாது. விடுதி, உணவு, ஆய்வகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், கல்விச் சுற்றுலா, கிராமத்தில் தங்கிப் பெறும் பயிற்சி, ஊருக்குச் சென்றுவரும் பயணம் ஆகிய அனைத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கிட வேண்டும்.

இதை ஓர் உத்தேசக் கணக்கின் மூலம் விளக்கலாம். ஒரு மாணவிக்கு வேறு மாநில அரசு வேளாண் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது என்று கொள்வோம். ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய், விடுதியும் உணவும் 60,000 ரூபாய், ரயில் பயணம் 15,000 ரூபாய் என்றால், ஆண்டுச் செலவு 1.25 லட்சம்; நான்கு ஆண்டுகளுக்கு 5 லட்சம். வீட்டுக்கு அருகில் உள்ள தனியார் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 1.5 லட்சம், பேருந்துச் செலவு 20,000 ரூபாய் என்றால், நான்கு ஆண்டுகளுக்கு 6.8 லட்சம் ஆகிறது. வீட்டில் இருந்தே படிப்பதால் செலவு குறையும் என்ற எண்ணம் இங்கு பொய்த்துப் போகிறது. அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரமும் இல்லையென்றால் இழப்பு இரட்டிப்பாகும்.

ஆண்டுதோறும் கட்டணம் உயருமா என்பதையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெற வேண்டும். முதலாண்டில் சலுகைக் கட்டணம் அறிவித்து, பின்னர் அதை உயர்த்தும் நிறுவனங்களும் உண்டு. மதிப்பெண் அடிப்படையிலான சலுகை, அடுத்தடுத்த ஆண்டுகளில் குறிப்பிட்ட தர மதிப்பெண்ணைத் தக்கவைத்தால்தான் தொடரும் என்ற நிபந்தனை இருக்கலாம். சேர்க்கையை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளையும் படித்துப் பார்க்க வேண்டும்.

தரத்தை வயலில் பார்க்க வேண்டும்

வேளாண் கல்லூரியின் தரத்தை அதன் கட்டடங்களைக் கொண்டு மதிப்பிட முடியாது. மாணவர்கள் விதைத்து, களையெடுத்து, அறுவடை செய்து, கணக்கு எழுதிப் பழகும் பண்ணை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. நிலம் கல்லூரிக்குச் சொந்தமா, குத்தகையா, எத்தனை ஏக்கர், பாசன வசதி உண்டா, நன்செய்ப் பயிர், புன்செய்ப் பயிர், தோட்டப் பயிர் என எவையெல்லாம் பயிரிடப்படுகின்றன என்பவற்றை நேரில் பார்த்து அறிய வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் தனிப் பாத்தி ஒதுக்கி ஒரு பருவம் முழுவதும் பயிரைப் பராமரிக்க வைக்கும் கல்லூரிக்கும், பயிரை ஒருமுறை காட்டிவிட்டு வகுப்பறைக்கு அழைத்துச் செல்லும் கல்லூரிக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு.

அடுத்தது பேராசிரியர்கள். உழவியல், மண்ணியல், பயிர் மரபியல், பூச்சியியல், தாவர நோயியல், தோட்டக்கலை, வேளாண் பொருளியல், விரிவாக்கக் கல்வி ஆகிய ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி ஆசிரியர்கள் தேவை. காலிப் பணியிடங்கள் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் நீண்டகாலப் பிரச்சனையாக உள்ளன. எனவே இணையதளத்தில் உள்ள பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடாமல், தற்போது படிக்கும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் விசாரிப்பது நல்லது. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, செய்முறை வகுப்புகள் முறையாக நடக்கின்றனவா என்பதை அவர்களே சரியாகச் சொல்வார்கள்.

மூன்றாவது, இறுதியாண்டுப் பயிற்சி. 'ஸ்டூடண்ட் ரெடி' என்ற திட்டத்தை 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் பாட்னாவில் நடைபெற்ற ஐசிஏஆர் நிறுவன நாள் விழாவில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். கிராமத்தில் தங்கி விவசாயிகளுடன் இணைந்து பெறும் வேளாண் பணி அனுபவம், உற்பத்தி அலகை மாணவர்களே நடத்தும் அனுபவக் கற்றல், தொழிற்சாலைப் பயிற்சி ஆகியவை இதன் கூறுகள். காளான் வளர்ப்பு, விதை உற்பத்தி, நாற்றங்கால், உயிர் உரத் தயாரிப்பு என எந்த அலகுகள் கல்லூரியில் உள்ளன, அவற்றில் கிடைக்கும் லாபத்தில் மாணவர்களுக்குப் பங்கு உண்டா என்பதைக் கேட்கலாம். ஒரு பயிரின் வரவு செலவைத் தாமே எழுதிப் பழகிய மாணவருக்கு, பின்னாளில் வங்கிக் கடன் அறிக்கை தயாரிப்பதோ சொந்தப் பண்ணை நடத்துவதோ கடினமாக இருக்காது.

அருகில் வேளாண் அறிவியல் நிலையம் இருப்பதும் ஒரு நன்மை. 1974இல் புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் 700க்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. இவற்றுடனும் ஆராய்ச்சி நிலையங்களுடனும் தொடர்புள்ள கல்லூரியின் மாணவர்கள், புதிய ரகங்களையும் விவசாயிகளின் நடைமுறைச் சிக்கல்களையும் ஒரே இடத்தில் காண முடியும்.

தரவரிசையை எப்படிப் படிப்பது?

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் வேளாண்மை மற்றும் அதன் தொடர்புடைய துறைகளுக்கெனத் தனிப் பிரிவு 2023இல் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு முதலிடத்தை டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், இரண்டாம் இடத்தைக் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனமும், மூன்றாம் இடத்தைப் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் பெற்றன. கற்பித்தல் வளங்கள், ஆராய்ச்சி, பட்டம் பெற்றோரின் நிலை, அனைவரையும் உள்ளடக்கும் தன்மை, பொது மதிப்பு ஆகிய ஐந்து அளவுகோல்களின்படி இந்தத் தரவரிசை தயாரிக்கப்படுகிறது.

இது பயனுள்ள தகவல்தான் என்றாலும், இதில் இரண்டு வரம்புகள் உள்ளன. ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கும் கிடைக்கும் மதிப்பெண், இளநிலை மாணவர் பெறும் வயல் பயிற்சியை நேரடியாகக் காட்டுவதில்லை. மேலும், ஒரு பல்கலைக்கழகத்தின் தரவரிசை அதன் முதன்மை வளாகத்தைச் சார்ந்திருக்கலாம். புதிதாகத் தொடங்கப்பட்ட அதன் வேறொரு கல்லூரியில் அதே வசதிகள் இருக்கும் என்று சொல்ல முடியாது. தரவரிசையைக் கல்லூரிகளின் முதல் பட்டியலைத் தயாரிக்கப் பயன்படுத்தலாம். இறுதி முடிவை நேரடி விசாரணையின் அடிப்படையில் எடுக்க வேண்டும்.

உதவித்தொகையும் கடனும்

ஐசிஏஆர் ஒதுக்கீட்டின் கீழ் சொந்த மாநிலத்துக்கு வெளியே உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் சேருவோருக்குத் தேசியத் திறனறி உதவித்தொகை மாதந்தோறும் வழங்கப்படுகிறது. வெளிமாநிலத்தில் தங்கிப் படிக்கும் கூடுதல் செலவில் ஒரு பகுதியை இது ஈடுகட்டும்.

குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியலின மாணவர்கள் மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தில் முன்னணி 20 சதவீதத்தினருள் இடம்பெற்று, குடும்ப வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு மத்தியத் துறை உதவித்தொகைத் திட்டமும் உள்ளது. இதன்கீழ் இளநிலைப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாயும், தொழிற்படிப்புகளின் நான்காம் ஆண்டில் 20,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் உரிய காலத்தில் பதிவு செய்வது அவசியம். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும்.

கல்விக்கடன் தேவைப்படுவோருக்கு, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் உதவும். தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேருவோருக்குப் பிணையோ உத்தரவாதம் அளிப்பவரோ இன்றிக் கடன் வழங்க இது வகை செய்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரையிலான காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. இந்தச் சலுகை ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டுமே. கல்லூரி இந்தத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் தேர்வின்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

கடன் தொகையை முடிவு செய்யும் முன் தவணையைக் கணக்கிட வேண்டும். 10 சதவீத வட்டியில் 5 லட்சம் ரூபாயை ஏழு ஆண்டுகளில் அடைக்க வேண்டுமெனில், மாதத் தவணை சுமார் 8,300 ரூபாய். படிக்கும் காலத்தில் சேரும் வட்டியைக் கட்டாமல் விட்டால் இது மேலும் உயரும். பணியில் சேரும் முதல் ஆண்டுகளிலேயே இந்தத் தொகையை மாதந்தோறும் கட்ட முடியுமா என்பதைக் குடும்பத்தினர் அமர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

படிப்புக்குப் பிறகு என்ன?

மாநில வேளாண் துறை அலுவலர் பணி, பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணி, நபார்டு வங்கியின் அதிகாரி பணி ஆகியவை வேளாண் பட்டதாரிகள் நாடும் முக்கிய அரசு சார்ந்த வாய்ப்புகள். இந்திய வனப் பணித் தேர்வு எழுதவும் வேளாண் பட்டம் தகுதியாகும். வேளாண் விஞ்ஞானியாகவோ உதவிப் பேராசிரியராகவோ விரும்புவோர் முதுநிலைப் பட்டம் பெற வேண்டும். இந்த இடங்கள் அனைத்துக்கும் போட்டி கடுமையாக உள்ளது. ஆகவே 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று விளம்பரம் செய்யும் கல்லூரியிடம், கடந்த ஆண்டு பட்டம் பெற்றவர்களில் எத்தனை பேர் எந்தப் பணியில் எவ்வளவு ஊதியத்தில் சேர்ந்தனர் என்ற விவரத்தைக் கேட்க வேண்டும். விதை, உரம், பூச்சிக்கொல்லி நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதி பணிகளும் இந்த எண்ணிக்கையில் அடங்கியிருக்கலாம்.

சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு 2002 முதல் வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமான 'மேனேஜ்' இதற்கான இலவசப் பயிற்சியை ஒருங்கிணைக்கிறது. மண் பரிசோதனை, நாற்றங்கால், வேளாண் கருவி வாடகை மையம் போன்ற தொழில்களுக்குத் தனிநபர் 20 லட்சம் ரூபாய் வரையிலும், குழுவாக ஒரு கோடி ரூபாய் வரையிலும் திட்ட மதிப்பீடு தயாரிக்கலாம். திட்டச் செலவில் பொதுப் பிரிவினருக்கு 36 சதவீதமும், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் மற்றும் வடகிழக்கு, மலை மாநிலத்தவருக்கு 44 சதவீதமும் மானியம் உண்டு. பட்டதாரிகளுடன் பட்டயம் பெற்றவர்களும் இதில் பங்கேற்கலாம்.

சேரும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. கல்லூரியும் படிப்பும் ஐசிஏஆர் அங்கீகாரப் பட்டியலில் உள்ளனவா? அது எந்த ஆண்டு வரை செல்லும்?

2. படிப்பு நான்கு ஆண்டு, நேரடி வகுப்பு முறையில் நடத்தப்படுகிறதா?

3. நான்கு ஆண்டுகளுக்கான முழுச் செலவு எவ்வளவு? கட்டண உயர்வு குறித்து எழுத்துப்பூர்வ விவரம் உள்ளதா?

4. பண்ணை எத்தனை ஏக்கர்? மாணவர்களுக்குத் தனிப் பாத்தி உண்டா?

5. துறைவாரியாக ஆசிரியர்கள் உள்ளனரா? மூத்த மாணவர்கள் என்ன கூறுகின்றனர்?

6. கிராமப்புறப் பணி அனுபவமும் அனுபவக் கற்றலும் எங்கு, எத்தனை வாரங்கள் நடக்கின்றன?

7. எந்த உதவித்தொகை, கடன் திட்டங்கள் இந்தக் கல்லூரிக்குப் பொருந்தும்?

8. முந்தைய ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் இன்று என்ன செய்கின்றனர்?

இந்த எட்டுக் கேள்விகளில் முதல் இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்காத கல்லூரியை, மற்ற வசதிகள் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே பாதுகாப்பு. எஞ்சிய கல்லூரிகளை முழுச் செலவு, வயல் பயிற்சி ஆகிய இரண்டின் அடிப்படையில் ஒப்பிடலாம். எந்த அரசு இடமும் கிடைக்காத நிலையில், அங்கீகாரமற்ற கல்லூரியில் பல லட்சம் செலவிடுவதைவிட, பட்டயப் படிப்பில் சேர்வதோ, ஓராண்டு தயாராகி மீண்டும் க்யூட் தேர்வு எழுதுவதோ பல குடும்பங்களுக்கு உகந்த முடிவாக அமையலாம். சேர்க்கை அறிவிப்புகளும் தகுதி விதிகளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டுக்கான தகவல் கையேட்டை முழுமையாகப் படித்த பின்னரே கட்டணம் செலுத்த வேண்டும்.